பலகையில் விழுந்த இரண்டு முத்திரைகள்

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால், ஒரு சின்னத் தபால் ஆபீஸ் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஆறு மாதம் சர்வீஸ் பாக்கி. இதில் வருகிற சில காரியங்களுக்காக மேலிடம் மெமோ அனுப்பினால் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

நான் பஞ்சாபகேசன், அந்த ஆபீஸின் போஸ்ட்மாஸ்டர். வீடு பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில். இருபத்தைந்து வருஷத்தில் மூன்று தடவை இங்கே மாற்றலாகி வந்திருக்கிறேன். மூன்றும் சேர்த்துப் பன்னிரண்டு வருஷம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், தனபாலுக்கு முத்திரை குத்திக் கொடுத்தேன் என்றுதான் சொல்வேன். அதையும் கடைசியில் கெடுத்துக்கொண்டேன்.

தனபால் விவசாயி. தென்னையும் நெல்லும். அண்ணன் குப்பண்ணன் பெயரில் பாதி, இவர் பெயரில் பாதி என்று சொல்லிக்கொள்வார்களே தவிர, பாகம் பிரித்ததில்லை. பக்கத்துப் பக்கத்தில் வீடு, ஒரே வாசல். அண்ணன் பேசுவார், தம்பி தலையாட்டுவார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். எதிர்த்துப் பேசாதவனுக்கு ஊர் கொடுக்கிற பட்டம் அது.

2001 நவம்பர் பத்தொன்பதாம் தேதி நான் அவரை முதலில் பார்த்தேன். அப்போது கவுண்டரில் நான் குமாஸ்தா. முழங்கால் வரை சேறு காய்ந்த வேட்டியோடு வந்து, ஒரு பாக்குமட்டை விசிறியை என் முன்னால் வைத்தார்.

“ஏனுங்க சாமி, இதுல உங்க சீலு ஒண்ணு குத்திக் குடுங்க.”

“இதுல என்னத்துக்கு? இது என்ன லெட்டரா?”

“காத்தால எனக்குப் பொண்ணு பொறந்துச்சுங்க. ஆசுபத்திரியில கரண்டு இல்லாம இதுலதான் விசிறிக்கிட்டு இருந்தனுங்க. இன்னைக்குத் தேதி இதுல இருக்கோணும்.”

பஞ்சாயத்தில் பிறப்புச் சான்றிதழ் தருவார்களே, அது போதாதா என்று கேட்டேன்.

“அது இருக்கட்டுங்க. என்ற பொறந்த தேதி ஜூன் ஒண்ணு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்டது. எங்கண்ணனுக்கும் ஜூன் ஒண்ணுங்க. நெசத் தேதி எங்காத்தாளுக்கே தெரியாது. எம்பொண்ணுக்கு அப்படி ஆகக்கூடாதுங்க சாமி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. “ஸ்டாம்ப் ஒட்டாம முத்திரை குத்தப்படாது. ஒட்டின ஸ்டாம்பை இன்னொருத்தன் உரிச்சு எடுத்துடாம இருக்கத்தான் முத்திரையே” என்றேன். உடனே ஒரு ஸ்டாம்ப் வாங்கினார். நாக்கில் நனைத்து விசிறியின் மேல் ஒட்டினார். நான் முத்திரைக் கட்டையை மையில் தோய்த்து ஓங்கிக் குத்தினேன். மட்டையின் வரி மேடு பள்ளமாக இருந்ததால் பாதி வட்டம்தான் விழுந்தது. ஊர்ப் பெயர் இருந்தது. தேதியில் ஒன்பதின் வால் மட்டும் இருந்தது. தனபால் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நவம்பர் பத்தொன்பதாம் தேதி குழந்தையின் மரக் கிலுகிலுப்பையோடு வந்தார். மடியிலிருந்து ஒரு சைக்கிள் டியூப் துண்டையும் எடுத்தார். உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக வெட்டியிருந்தது.

“இத அடியில வெச்சுக் குத்திப் பாருங்க. மெத்துனு இருந்தாத்தான் வட்டம் பூராவும் விழுகும். நான் ஊட்டுல ரப்பர் மூடிய மையில தொட்டுத் தொட்டுப் பாத்தனுங்க.”

சொன்ன மாதிரியே விழுந்தது. கட்டையை ஓங்காமல், நேராக வைத்து, மேலே உள்ளங்கையால் ஒரே அழுத்து. உருண்டையான பொருளில் லேசாக உருட்ட வேண்டும். எடுக்கும்போது நடுங்கக் கூடாது. மை காய இரண்டு நிமிஷம் யாரும் தொடக் கூடாது. இந்த ஆபீஸில் முப்பது வருஷமாக எல்லாக் கடிதத்திலும் அரைகுறையாகத்தான் முத்திரை விழுகிறது, என் கையால் குத்தினதும் சேர்த்து. தனபாலின் சாமானில் மட்டும் ஊர்ப் பெயர், தேதி, மாதம், வருஷம் எல்லாம் படிக்கிற மாதிரி விழும். டியூப் துண்டை அவர் எடுத்துப் போகவில்லை. என் மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வருஷம் தவறியதில்லை. மகள் பெயர் கௌசிகா. அவள் எழுதிப் பழகிய சிலேட்டு, பள்ளிக்கூட டை, பல் விழுந்தபோது அதைப் போட்டுவைத்த தீப்பெட்டி, பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டின் நகல், ஸ்கூட்டர் பழகியபோது பின்னால் மாட்டியிருந்த எல் போர்டு. ஒன்பதாவது வயதில் மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அந்த வருஷம் மாவுக்கட்டைப் பிரித்தபோது உடையாமல் வாங்கி வைத்திருந்து கொண்டு வந்தார். அதில் குத்துவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாதி வருஷங்களில் அந்தப் பெண்ணும் கூடவே வருவாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நல்லா விழுந்துச்சாங்க சாமி?” என்று கேட்பாள். பெரியவளானதும் அவளே டிராயரில் டியூப் இருக்கும் இடத்தைச் சொல்வாள்.

நான் மாற்றலாகி வேறு ஊரில் இருந்த வருஷங்களில் குத்தியது சரியில்லை என்று பிறகு என்னிடம் குறை சொல்வார். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமை தபால் ஆபீஸ் ஏது? ஆனால் ஒலவக்கோடு ரயில்வே ஸ்டேஷனில் தபால் பிரிக்கிற ஆர்.எம்.எஸ். ஆபீஸ் உண்டு, அவர்களுக்கு ஞாயிறும் வேலை. அந்த மூன்று தடவையும் பஸ் பிடித்துப் போய் அங்கே குத்திக்கொண்டு வந்தார். இந்தத் தகவலை அவருக்குச் சொன்னவன் நான்தான். அதற்காக ஒரு குலை இளநீரைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு ஓடினார்.

பாலக்காட்டில் ஸ்ரீஜித் என்று ஒரு பையன், பேங்கில் வேலை, முத்திரை சேகரிக்கிறவன். பாறை, இலை, தோல் செருப்பு என்று விசித்திரமான பொருளிலெல்லாம் முத்திரை வாங்கிச் சேர்க்கிற கூட்டம் ஒன்று உண்டு, அதில் சேர்த்தி. நான் சொல்லி தனபாலின் டிரங்குப் பெட்டியைப் பார்க்கப் போனான். திரும்பி வந்து அதைப் பற்றியே பேசினான். ஒரே ஆளின் சாமான், ஒரே தேதி, ஞாயிறு தவிர ஒரே ஆபீஸ், இத்தனை வருஷம். இப்படி ஒரு வரிசையைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்றான். திருச்சூரில் கண்காட்சிக்கு வைக்கக் கேட்டான். தனபால் மறுத்துவிட்டார்.

“புள்ளையோட சாமானத்த ஊரு பாக்கறதுக்கா வெச்சிருக்கறனுங்க? அவ கண்ணாலத்துக்குக் குடுக்கறதுக்கு வெச்சிருக்கறேன்.”

அந்தக் கல்யாணம் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. கௌசிகா நர்ஸிங் படித்தாள். கூடப் படித்த ஜின்சன் என்ற பையனை 2024 பிப்ரவரியில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அவன் ஊருக்குப் போய்விட்டாள். தேவிகுளம் பக்கம், தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த பையன். ஜாதியும் வேறு, மதமும் வேறு. குப்பண்ணனும் பங்காளிகளும் வாசலில் கூடினார்கள். அவளைத் தலைமுழுகியாயிற்று என்று அண்ணன் சொன்னார். தம்பி தலையாட்டினார். அவளுடைய துணிமணி, புத்தகம், சீப்பு வரை எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினார்கள். டிரங்குப் பெட்டி மட்டும் தப்பியது. முந்தின நாளே தனபால் அதைத் தோப்பில் மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் உரமூட்டைகளுக்குப் பின்னால் தள்ளியிருந்தார். ஒரு பெட்டியைக் காப்பாற்றத் தெரிந்த மனுஷனுக்குப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. சொல்லவும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். 

அந்த வருஷம் நவம்பர் பத்தொன்பதுக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். பத்து மணிக்கே வந்து நின்றார். கையில் மடித்த ஒரு காகிதம்.

“அவ சாமானம் ஒண்ணும் கெடைக்கலீங்க சாமி. இது ரேசன் கார்டு நகல். பேரை வெட்டறதுக்கு முன்னால எடுத்தது. இதுல அவ பேரு இருக்குதுங்க.”

குத்தினேன். தனபால், மனைவி, கௌசிகா, இளையவள் யோகப்பிரியா என்று நாலு பெயர் அதில் இருந்தது. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில், எழுத்தின் மேல் படாமல், வட்டம் முழுதாக விழுந்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த நவம்பர் பத்தொன்பது, அதாவது சென்ற வருஷம், அவர் வரவில்லை. டியூப் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு நாலு மணி வரை பார்த்தேன். எனக்குக் கோபம். இத்தனை வருஷம் நடந்தது நின்றுபோனால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நினைத்தாலும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி சரியில்லை என்று என் மனைவி திரிபுரசுந்தரியிடம் எரிந்து விழுந்தேன். எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அவருடைய இரண்டாவது பெண் யோகப்பிரியாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. மூத்தவளோடு போக்குவரத்து இருக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லை என்று குப்பண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் தபால் பையைப் பிரித்தேன். உள்ளே ஒரு பலகை. தேயிலைப் பெட்டியில் அடிக்கிற மெல்லிய பலகை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. உறை கிடையாது, கட்டு கிடையாது. ஸ்பீடு போஸ்ட் சீட்டு ஒட்டி, தனபால் பெயரும் விலாசமும் எழுதியிருந்தது. அனுப்புகிறவர், கௌசிகா ஜின்சன். கீழே மலைமேல் ஒரு விலாசமும் செல்போன் எண்ணும். ஒரு மூலையில் ஸ்டாம்ப். அதன் மேல் முத்திரை, வட்டம் முழுதாக, தேதி 19.11.2025. அங்கேயும் என்னைப் போல ஒரு கிறுக்கன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனிடம் அவள் ஒரு டியூப் துண்டை நீட்டியிருக்க வேண்டும். முத்திரைக்குப் பக்கத்தில், அதே கறுப்பு மையில், ஒரு குழந்தையின் காலடி. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபதை நெருங்குகிறவன் இதை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தனபாலுக்குப் பேரக் குழந்தை பிறந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாது, இந்த ஊரில் முதலில் எனக்குத்தான் தெரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் போஸ்ட்மேன் பினுவைக் கூப்பிட்டு, “வேற எல்லாம் அப்புறம். இதை முதல்ல கொண்டுபோய் அவர் கையில குடு” என்றேன். பினு ஆலத்தூர்க்காரன், மலையாளி, புதுசு, நல்ல பையன். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைக்கில் பறந்தான்.

ஒரு போன் செய்து, ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்திருக்கலாம். அதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. எனக்குத் தோன்றவில்லை. இருபத்துநாலு வருஷமாக அவர்தான் இந்த ஆபீஸைத் தேடி வந்தார். இந்த ஒரு தடவை நான் அவர் வாசலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பினு பதினொன்றரைக்குத் திரும்பி வந்தான். பலகை அவன் கையிலேயே இருந்தது.

“என்னடா, ஆள் இல்லையா?”

“ஆளு உண்டு சாரே. வாசல் நிறைய ஆளு. கார் நாலஞ்சு நிக்குது. கல்யாணம் பேச வந்தவராம். நான் போயிட்டு, தனபாலுக்கு தேவிகுளத்துல இருந்து கௌசிகா அனுப்பினதுன்னு விளிச்சுப் பறஞ்சேன்.”

“சத்தமாவா?”

“பேர் பறஞ்சாத்தானே சாரே தெரியும். எல்லாரும் பலகைய நோக்கினாங்க. அந்தக் காலடியையும் கண்டாங்க. அண்ணன்காரர் ஒண்ணும் பறயல. இவரே எழுந்திரிச்சு வந்து, வேண்டாம், திருப்பி அனுப்பிருங்கன்னு பறஞ்சார். போன்ல ஒப்பும் இட்டார்.”

போஸ்ட்மேன் கையில் இப்போது ஒரு செல்போன் கொடுத்திருக்கிறார்கள். வாங்கினால் அதில் கையெழுத்து, மறுத்தாலும் அதில் கையெழுத்து. போட்ட அடுத்த நிமிஷம் அனுப்பினவருக்குச் செய்தி போய்விடும். மலைமேல், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அப்பா வாங்கிவிட்டாரா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, பெறுநர் மறுத்துவிட்டார் என்று அந்நேரமே போயிருக்கும். நான் பினுவைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவன் மேல் என்ன தப்பு.

மறுநாள் சனிக்கிழமை. நான் பூட்டைத் திறக்கும்போதே தனபால் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சவரம் செய்யவில்லை. முந்தின நாள் விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையே இன்னும் உடம்பில் இருந்தது.

“சாமி, அது போயிருச்சுங்களா?”

“இல்லை. இருக்கு. மத்தியானப் பையிலதான் போகும். உள்ளே வாங்கோ.”

அவரை உள்ளே என் மேஜைக்கு எதிரில் உட்கார வைத்தேன். பலகையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு நடுவிரலை நீட்டி, காலடியின் மேல் படாமல், அதன் நீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“என்ற வெரல் நீளங்கூட இல்லீங்க.”

நான் பலகையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

“பொண்ணா பையனான்னு எழுதலியேங்க சாமி.”

பலகையைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கமும் ஒன்றும் இல்லை. மறந்திருக்க மாட்டாள். அப்பா போன் செய்து கேட்பார் என்றுதான் எழுதாமல் விட்டிருப்பாள். அவருக்கும் அது புரிந்தது என்று முகத்திலிருந்து தெரிந்தது.

“மாப்பிள்ளையோட அப்பாரு பக்கத்துல உக்காந்திருந்தாருங்க. தட்டு மாத்தப் போற நேரம். எல்லாரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. சின்னவ கதவுக்குப் பின்னால நிக்கறா. எனக்கு வாய்ல அந்த வார்த்தைதான் வந்துச்சுங்க. வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நேத்துல இருந்து சம்சாரம் என்கூடப் பேசறதில்லீங்க. சோத்தப் போட்டுப்போட்டு உள்ள போயிக்கறா.”

“நான்தான் தப்புப் பண்ணினேன். உங்களை இங்கே கூப்பிட்டிருக்கணும்.”

“நீங்க என்னங்க பண்ணுவீங்க. வாங்கறதும் வாங்காததும் என்ற கையிலதான இருந்துச்சு.” பலகையைப் பார்த்தபடியே கேட்டார். “இப்ப வாங்கிக்கறனுங்க சாமி. மோட்டார் ரூம்ல வெச்சுக்கறேன். ஒருத்தருக்கும் தெரியாது. குடுத்துருங்க.”

கொடுக்க எனக்கு ஆசைதான். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மறுக்கப்பட்டது, அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது என்று பதிவாகி இருந்தது. அதை அழிக்க ஒரு பொத்தானும் இல்லை. டிவிஷன் ஆபீஸில் எனக்குத் தெரிந்தவருக்கு தனபாலின் முன்னாலேயே போன் செய்தேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் நேராகச் சொல்லிவிட்டார். பெறுநர் கையெழுத்துப் போட்டு மறுத்திருக்கிறார். சாமானைத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும். கொடுத்துவிட்டுக் காணாமல் போனது என்று எழுதினால் அனுப்பினவள் புகார் செய்யலாம், விசாரணை வரும், என் பென்ஷன் தாமதமாகும். இன்னும் சில மாதம்தானே பஞ்சு, பேசாமல் இரும் என்றார்.

போனை வைத்தேன். “முடியாது” என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஒருக்கா வேண்டாம்னா வேண்டாந்தானுங்களா” என்றார் தனபால்.

“நீங்கோ கல்யாணம் முடிஞ்சு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாமே. விலாசம் இதுல இருக்கே. போன் நம்பரும் இருக்கு.”

“தை பொறந்து கண்ணாலம். அப்பறம் சின்னவ மாசமாவா. அப்பறம் அவங்க ஊட்டு ஒறம்பரை சனம், எங்கண்ணன் ஊட்டு ஒறம்பரை சனம் வந்துக்கிட்டே இருக்கும். எப்பங்க சாமி போறது?” அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிற குரலில் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் விதியைக் காட்டிக் கையை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்த நான் எந்த வாயால் அவரைச் சொல்வது?

மத்தியானப் பை கட்ட நேரமாயிற்று. திருப்பி அனுப்புகிற சாமானில் எங்கள் ஆபீஸ் முத்திரை விழ வேண்டும் என்று விதி. நான் கட்டையை எடுத்தேன். தனபால் எழுந்து நின்றார்.

“ஒரு நிமிசம் பொறுங்க சாமி. ஒரு ஸ்டாம்ப் குடுங்க.”

“இதுக்கு ஸ்டாம்ப் வேண்டாம்.”

“ஸ்டாம்ப் ஒட்டாம குத்தக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப் ஒன்று கிழித்துக் கொடுத்தேன். அவர் அதை நாக்கில் நனைத்து, காலடிக்கு மறுபக்கம், அவளுடைய முத்திரைக்கு நேராக ஒட்டினார். கொஞ்சம் கோணலாகிவிட்டது. நகத்தால் நகர்த்திச் சரி செய்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தேதி மட்டும் பத்தொம்பதுன்னு வெக்க முடியாதுங்களா?”

மற்றவர்கள் கேட்டால் நான் எரிந்து விழுவேன். வேலைக்கு மனுப் போடக் கடைசித் தேதி தவறியவன், கட்டணம் கட்ட மறந்தவன் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த மனுஷன் கேட்டதில்லை. சரியான தேதிக்காகத்தான் இவர் இந்த ஆபீஸின் படியையே முதலில் மிதித்தார்.

“முடியாது தனபால். காலம்பற கட்டையில இன்னிக்குத் தேதியை மாத்தி, நோட்டுல குத்தி, ஒப்புப் போட்டாச்சு. இருபத்திரண்டுதான் வரும்.”

“செரிங்க. இருபத்திரண்டே இருக்கட்டும்.”

டிராயரிலிருந்து டியூப் துண்டை எடுத்தேன். பலகைக்கு அடியில் வைத்தேன். ஓரமெல்லாம் வெடித்து, நடு மட்டும் வழவழவென்று ஆகியிருந்தது. கட்டையை மையில் இரண்டு தடவை ஒற்றி, நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்தினேன். எடுத்தேன். என் சர்வீஸில் நான் குத்தியதிலேயே அதுதான் சுத்தமான முத்திரை. அந்தப் பக்கம் அவளுடையது, இந்தப் பக்கம் இவருடையது, நடுவில் அந்தக் கால். மை காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. பிறகு விதிப்படி நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கியிருந்தது. திருப்பி அனுப்பும் சீட்டில் காரணம் எழுத வேண்டும். மறுத்துவிட்டார் என்று எழுதி, அதையும் அதே பலகையில் ஒட்டினேன். எங்கே ஒட்டினாலும் அது கண்ணில் படத்தான் செய்தது.

தனபால் சீட்டைப் பார்த்தார். “அவளுக்குப் புரியுமுங்களா?” என்றார்.

“என்ன?”

“வட்டம் முழுசா விழுந்திருக்குதுல்லீங்க. டியூப்பு வெச்சாத்தான் அப்படி விழுகும். அது அவளுக்குத் தெரியும். நான் இங்க வந்து நின்னேன்னு புரியுமுங்களா?”

புரியும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? செய்தி போய் ஒரு நாளாகிவிட்டது. அவள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பலகையை அடுப்பில் வைத்திருப்பேன்.

பை போயிற்று. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். திரிபுரசுந்தரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒரு போன் பண்ணி ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கப்படாதா?” என்றாள்.  நான் அன்று சாப்பிடவில்லை.

திங்களும் செவ்வாயும் தனபால் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். போய்விட்டார். மலையில் மழை, பஸ் ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். புதன்கிழமை பத்தரைக்கு வந்தபோது கூட்டம் இருந்தது. முதியோர் பென்ஷன் வாங்க வந்த கிழவிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகுதான் கேட்டார். நான் எண்ணை அடித்துப் பார்த்தேன். அனுப்பியவரிடம் ஒப்படைக்கப்பட்டது, முந்தின நாள் மத்தியானம் மூன்று பத்து. கீழே கையெழுத்தின் படமும் இருந்தது. விரலால் திரையில் போட்ட கோணல் கையெழுத்து, அந்தப் பெண்ணுடையதுதான்.

“வாங்கிண்டுட்டா” என்றேன். “கையெழுத்துப் போட்டிருக்கா.”

தனபால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு நிற்கிற அதே கம்பி.

“அவ வேண்டாம்னு சொல்லலீங்களா?”

“இல்லை.”

“வேண்டாம்னு அவளும் திருப்பியிருக்கலாமுங்களே.”

“திருப்பலை. வாங்கிண்டுட்டா.”

அவர் அதை இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்னால் நின்ற கிழவி நகரச் சொல்லி முதுகில் தட்டினாள். அவர் ஒதுங்கி வழிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு அந்தத் தெகிரியம் இல்லாமப் போச்சுங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் அடுத்த ஆளின் பாஸ் புத்தகத்தை வாங்கினேன்.